ஜீரோ எரர்!

பல்பு வாங்குவதில் ரெண்டு வகை. தனியாக வாங்குவது ஒன்று. நாலு பேர் வரிசையாக நின்று கோரஸாக வாங்குவது இன்னொன்று. போன மாசம் மெட்ராலஜி லேபில் எங்கள் பேட்ச் வாங்கியது ரெண்டாவது ரகம்.

(மெட்ராலஜின்னதும் மழை வருமா வராதான்னு கேக்காதீங்க மக்களே. அது மீட்டியராலஜி. இது அளக்கிற படிப்பு. இந்த வித்தியாசத்தை எங்க பாட்டிக்கு அஞ்சாவது செமஸ்டர் தொடங்கின நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்கும் காலையில, "குடை எடுத்துட்டுப் போகவாடா?"ன்னுதான் கேக்கறாங்க.)

மேட்டர் இதுதான். ஒரு ஸ்டீல் உருளை. அதை மைக்ரோமீட்டரில் அஞ்சு இடத்தில் அளந்து, விட்டத்துக்குச் சராசரி போட வேண்டும். எங்களிடம் சீனியர் ரெக்கார்டு இருந்தது. 25.01, 25.02, 25.03, 25.02, 25.02. சராசரி 25.02 மில்லிமீட்டர். ஆன்சர் கையில் இருக்கும்போது அளப்பானேன்? ரீடிங்கை ஆளுக்கு ஒரு மாதிரி இடம் மாத்தி, கடைசியில் அதே 25.02 வர்ற மாதிரி 'சமைச்சு', கால் மணி நேரத்தில் கேன்டீனுக்கு ஜூட்!

அடுத்த வாரம் சார் நாலு ரெக்கார்டையும் டேபிளில் வரிசையாகப் பரப்பினார். முகத்தில் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்த்ததுமே உஷாராகியிருக்க வேண்டும்.

"நாலு பேருக்கும் கரெக்ட்டா ஒரே ஆன்சர். சபாஷ். ஆனா ஒண்ணு... இந்த செமஸ்டர் ஆரம்பத்துல அந்த ஜாப்பை லேத்துல குடுத்து கொஞ்சம் சீவிட்டேனேப்பா!"

லேபில் ஃபேன் சுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

சிவப்பு பேனா வந்தது. குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 'ரிப்பீட்'. இன்டர்னல் மார்க் காற்றில் கரைந்தது. போகிற போக்கில் என்னை மட்டும் நிறுத்தினார். "நீ பத்திரிகையில எல்லாம் எழுதறவனாச்சே? நுங்கம்பாக்கத்துல ஒரு கல் நிக்குது. அதப் பாத்துட்டு, படிச்சுட்டு வா. அதுக்கப்புறம் உன் கையில மைக்ரோமீட்டர் தர்றேன்."

வீட்டில் அந்த ரெக்கார்டை அப்பாவுக்குக் காட்டவில்லை. காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

பத்து டன் சாட்சி

மாங்காட்டிலிருந்து நுங்கம்பாக்கம் போவது ஒரு தனி யாத்திரை. வெள்ளிக்கிழமை வேறு. காமாட்சியம்மன் கோயில் கூட்டத்தைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு போரூர். அங்கேயிருந்து பஸ். காலேஜ் ரோட்டில் இருக்கிற வானிலை ஆய்வு மையம்தான் இலக்கு. புயல் வந்தால் டி.வி-க்காரர்கள் மைக்கோடு நிற்பார்களே, அதே வளாகம். லெட்டர் கொடுத்து, காத்திருந்து, அனுமதி வாங்கி உள்ளே போனேன். (மெட்ராலஜி படிச்சா மீட்டியராலஜி ஆபீஸுக்குத்தான் போகணும்னு பாட்டி அப்பவே சொன்னாங்க!)

அங்கே நிற்கிறது ஒரு கருங்கல் தூண். எடை சுமார் 10 டன். லத்தீன், தமிழ், தெலுங்கு என்று பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும், ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலாக நட்டது நாங்கள்தான் என்று தெரியட்டும் என்பது சாராம்சம். எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனி. ஜீரோ யார் ஊரிலிருந்து அவர்கள் ஊருக்குப் போச்சு என்பதை கல் வெட்டும்போது மறந்துட்டாங்க போல!

பில்டப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், விஷயம் பெருசு. 1786-ல் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் வீட்டிலேயே ஒரு வான் ஆய்வுக்கூடம் வைத்தார். டெலஸ்கோப், நல்ல கடிகாரம், ஒரு டிரான்சிட் கருவி, இவ்வளவுதான் சொத்து. அதைக் கம்பெனிக்குக் கொடுத்தார். மைக்கேல் டாப்பிங் கட்டடத்துக்கு பிளான் போட, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் அப்சர்வேட்டரி எழுந்தது. அந்த அறையின் நடுவில் நின்ற தூண்தான் இது. இதன் தலையில்தான் கோணம் அளக்கும் கருவியை உட்கார வைத்தார்கள்.

ஒரு கருவியை வைக்க 10 டன் கல் எதற்கு? நம்ம லேபில் எவனாவது டேபிளை இடித்தால் ரீடிங் ஆடுதே, அதே பிரச்னைதான். கருவி ஒரு நூலிழை சாய்ந்தாலும் வானத்தில் அது பல லட்சம் கிலோமீட்டர். அதனால் ஆடாத ஒன்றின் மேல் நிறுத்தினார்கள். கட்டடம் போச்சு. கம்பெனியும் போச்சு. கல் அப்படியே நிற்கிறது.

கடலுக்குள் ஒரு ஆபீஸ்

சரி, எதை அளந்தார்கள்? முதல் கேள்வியே, 'நாம எங்கே இருக்கோம்?' கூகுள் மேப் இல்லாத காலம். கப்பலில் வருகிறவனுக்கு மெட்ராஸ் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால், தரை தட்டின பிறகுதான் தெரியும்.

அட்சரேகை ஈஸி. துருவ நட்சத்திரமோ, நடுப்பகல் சூரியனோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். தீர்க்கரேகைதான் வில்லன். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அதாவது 4 நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. ஒரே சம்பவத்தை கிரீன்விச்சிலும் மெட்ராஸிலும் பார்த்து, ரெண்டு ஊர் கடிகாரமும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று தெரிந்தால், தீர்க்கரேகை தெரிந்துவிடும். ஆனால், ரெண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் தெரிகிற சம்பவத்துக்கு எங்கே போவது?

வியாழன் கிரகத்துக்கு! 1610-ல் கலிலியோ அதன் நாலு நிலாக்களைப் பார்த்தார். அவை வியாழனின் நிழலுக்குள் போவதும் வெளியே வருவதும் வானத்தில் தொங்கவிட்ட கடிகாரம் மாதிரி. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணம்தான். மெட்ராஸ் அப்சர்வேட்டரியின் ஜான் கோல்டிங்ஹாம், வருஷக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அந்த நிலாக்கள் மறைகிற நேரத்தைக் குறித்தார். பக்கத்தில் ஜான் ஷெல்டன் என்கிற லண்டன்காரர் செய்த பெண்டுலம் கடிகாரம். கேப்டன் குக் கடல் பயணத்துக்கு எடுத்துப் போனதும் அதே ஷெல்டன் செய்த கடிகாரம்தான். மெட்ராஸ் கடிகாரம் பிறகு கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்கு டிரான்ஸ்ஃபர் ஆனது.

கோல்டிங்ஹாம் சொன்ன ஆன்சர்: மெட்ராஸ், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 நொடி கிழக்கே. டிகிரியில் 80° 18' 30". இதை வைத்துத்தான் 'மெட்ராஸ் டைம்' வந்தது. 1906-ல் இந்திய நேரம் வருகிற வரை ரயில்கள் ஓடியது மெட்ராஸ் டைமில்தான்.

தூண் பக்கத்தில் நின்று மொபைலை எடுத்தேன். ஜி.பி.எஸ். காட்டியது 80° 14' 50" பக்கத்தில்.

அட, இடிக்குதே! மறுபடி பார்த்தேன். அதேதான். கோல்டிங்ஹாமின் நம்பரை மேப்பில் போட்டுப் பார்த்தால்... புள்ளி மெரினாவையும் தாண்டி, வங்காள விரிகுடாவில் மிதக்கிறது! பத்து டன் கல்லை ஆறரை கிலோமீட்டர் கிழக்கே தூக்கிக் கடலில் போட்டிருக்கிறார் மனுஷன்.

முதலில் எனக்கு செம சந்தோஷம். 'பாத்தீங்களா சார், பெரிய ஆளுங்களே தப்பு பண்ணியிருக்காங்க'ன்னு லேபில் போய் டயலாக் விடலாம் என்று மனசுக்குள் ரிகர்சல்கூடப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் கணக்கைப் போட்டேன். ஆறரை கிலோமீட்டர் என்றால் நேரத்தில் வெறும் 15 நொடி. அந்த 15 நொடி எங்கேயிருந்து வந்தது?

வியாழனின் நிலா ஸ்விட்ச் போட்ட மாதிரி பட்டென்று அணையாது. மெல்ல மெல்ல மங்கி மறையும். பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறவனுக்குக் கடைசி வெளிச்சம் வரை தெரியும். சின்ன டெலஸ்கோப்காரனுக்கு முன்னாடியே போய்விடும். 'மறைந்த நேரம்' என்பதே கையில் இருக்கிற கருவியைப் பொறுத்தது. இந்த மாதிரி தப்பு நூறு ரீடிங் எடுத்தாலும் சராசரியில் அடிபட்டுப் போகாது. ஏன்னா எல்லா ரீடிங்கும் ஒரே பக்கம் சாயும். நம்ம லேப் பாஷையில் சொன்னால், ஜீரோ எரர்!

பிறகு தந்திக் கம்பி வந்தது. ஊர் விட்டு ஊர் நொடியில் சிக்னல் அனுப்பி நேரத்தை ஒப்பிட முடிந்தது. மெட்ராஸ் 5 மணி 20 நிமிஷம் 59 நொடி என்று திருத்தினார்கள். மெட்ராஸை ஆதாரமாக வைத்து வரைந்த இந்திய மேப்புகளின் தீர்க்கரேகைகளும் கூடவே திருத்தம் கேட்டன.

திருத்த முடிந்ததே, அதுதான் விஷயம். எந்த ராத்திரி, எந்த நிலா, கடிகாரம் என்ன காட்டியது என்று கோல்டிங்ஹாம் எழுதி வைத்தார். அவர் எழுதின ரீடிங்கில் தப்பு இருந்தது. ஆனால் அது அவர் கண்ணால் பார்த்த ரீடிங். எங்க நாலு பேரோட 25.02-ஐ யார் வந்து திருத்த முடியும்? அதில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லையே!

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். ரிகர்சல் பார்த்த டயலாக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

சிலந்தி கொடுத்த ஐடியா

அதுக்கப்புறம் லைப்ரரியில் மூன்று நாள். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தூக்கிவாரிப் போட்டது. எங்க லேப் டேபிளில் இருக்கிற ஐட்டங்கள் எல்லாம் ஃபேக்டரிக்காகப் பிறந்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை பாஸ். பாதி, வானத்தை அளக்கப் பிறந்தவை.

வெர்னியர் ஸ்கேல் இருக்கே... பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631-ல் அதை வெளியிட்டது குவாட்ரண்ட் என்கிற கோணமானிக்காக. கால் வட்டத்தில் டிகிரி கோடுகளை எவ்வளவுதான் நெருக்கமாக வெட்ட முடியும்? ரெண்டு கோட்டுக்கு நடுவே இருப்பதைப் படிக்கத்தான் பக்கத்தில் சறுக்குகிற அந்தக் குட்டி ஸ்கேல்.

மைக்ரோமீட்டரின் கதை இன்னும் ஜோர். வில்லியம் காஸ்காய்ன் என்று ஒரு இங்கிலாந்து இளைஞர். அவர் டெலஸ்கோப்புக்குள் ஒரு சிலந்தி நூல் கட்டிவிட்டது. அடித்து விரட்டாமல் எட்டிப் பார்த்தார். வானத்துப் பிம்பத்தோடு அந்த நூலும் பளிச்சென்று தெரிந்தது. அட, இதையே குறிக்கோடாக வைத்துக்கொள்ளலாமே! பிறகு, நுணுக்கமான திருகால் நகருகிற ரெண்டு விளிம்புகளை டெலஸ்கோப்புக்குள் வைத்து, நிலாவின் குறுக்களவையும் கிரகங்களின் குறுக்களவையும் அளந்தார். திருகை எத்தனை சுற்று சுற்றினோம் என்பதுதான் அளவு. நாம் லேபில் 'டிக் டிக்' என்று ராட்செட் திருகுகிறோமே, அதன் கொள்ளுத் தாத்தா இது. 1644-ல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அவர் இறந்து போனார். முப்பதைக் கொஞ்சம் தாண்டின வயசு.

இவர்கள் எல்லாருக்கும் முன்னாடி ஒருத்தர், டெலஸ்கோப்பே இல்லாமல் வெறும் கண்ணால் மிரட்டியிருக்கிறார். டென்மார்க்கின் டைக்கோ பிராஹி. 1576-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தீவில் உட்கார்ந்து வானத்தை அளந்தவர். சுவரோடு பதித்த பித்தளைக் குவாட்ரண்ட், ஆரமே கிட்டத்தட்ட 2 மீட்டர். ஒரே நட்சத்திரத்தை வேற வேற கருவிகளில் அளந்து, எந்தக் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து வைத்தார். அதனால் அவருடைய நல்ல ரீடிங்குகள் ஒரு கோண நிமிஷம் வரை நம்பகமானவை. ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு!

அந்த ரீடிங்குகள் கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாய் வட்டப்பாதையில் போகிறது என்று வைத்து கெப்ளர் வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டார். கடைசியில் எல்லாம் பொருந்தியது, ஒரு 8 கோண நிமிஷம் தவிர. முழு நிலாவின் அகலத்தில் கால் பங்கு. நாமா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? 'எக்ஸ்பெரிமென்டல் எரர்' என்று ஒரு வரி எழுதி அப்பீட் ஆகியிருப்போம். கெப்ளர் மாட்டேன் என்றார். டைக்கோ 8 நிமிஷம் தப்பு பண்ணுகிற ஆள் இல்லை, அப்போ என் வட்டம்தான் தப்பு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 1609-ல் புத்தகம் வந்தது. கிரகம் போவது வட்டத்தில் இல்லை, நீள்வட்டத்தில். ப்ளஸ் டூ-வில் நாம் மனப்பாடம் பண்ணின கெப்ளர் விதி, யாரோ ஒருத்தர் சமைக்காமல் விட்ட 8 நிமிஷத்திலிருந்து வந்தது.

சரி, கருவியைப் பெருசாகக் கட்டினால் துல்லியம் தானாக வந்துவிடுமா? ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் இருக்கிற சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். ராஜா ஜெய்சிங் கட்டினது. நிழலை வைத்து 2 நொடி வரை நேரம் பார்க்கலாம். ஆனால் சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமான தட்டு. அதனால் நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருக்காது, கலங்கித்தான் விழும். வியாழன் நிலா மெல்ல மங்கியதே, அதே தொந்தரவு. ஸ்கேல் எவ்வளவு பெருசா இருந்தாலும், அளக்கிற பொருளின் ஓரம் கலங்கலா இருந்தா அங்கேயே ஒரு எல்லை வந்துவிடுகிறது.

தஞ்சாவூரில் 'டமார்'

நம்ம ஏரியாவுக்கு வருவோம். மாங்காட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற பரங்கிமலை. அங்கே வில்லியம் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி அவர் இந்தியாவை அளக்க ஆரம்பித்தது இங்கேதான். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நேர்கோடு. இன்னிக்கு அந்தப் பக்கம் மேடவாக்கம் டிராஃபிக்கில் நேர்கோட்டில் ஏழரை அடிகூட போக முடியாது!

அளந்தது 100 அடி ஸ்டீல் சங்கிலியால். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று சொன்ன சங்கிலி. நானூறு தடவை நீட்டி நீட்டி வைக்க வேண்டும். நடத்தினது ஏப்ரல், மே மாசத்தில். சென்னை வெயிலில் இரும்பு என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 டிகிரி சூடு ஏறினால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நானூறு தடவைக்கு, கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக் கணக்கில் கழித்தார்கள். ஏழரை மைலை முடிக்கவே மே கடைசி வாரம் ஆகிவிட்டது.

அப்புறம் முக்கோணம் முக்கோணமாகப் போய், 1804-ல் பெங்களூர் பக்கத்தில் இன்னொரு கோட்டை அதே மாதிரி சங்கிலி போட்டு அளந்தார்கள். மெட்ராஸிலிருந்து முக்கோணக் கணக்கில் வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு இன்ச்கூட இல்லை. கவனியுங்க, அவர் ஆன்சரைச் சரிபார்க்க சீனியர் ரெக்கார்டு கிடையாது. தானே மறுபடி அளந்துதான் தன்னைச் சரிபார்த்துக்கொண்டார்.

கோணம் அளந்தது அரை டன் எடையுள்ள தியோடலைட். வட்டத் தட்டு மட்டும் 3 அடி அகலம். அது வந்த கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அதில் தப்பித்த கருவி, 1808-ல் தஞ்சாவூரில் மாட்டியது. டெல்டா முழுக்கத் தட்டையான பூமி, தென்னந்தோப்பு மறைக்கும். உயரமான இடம் பெரிய கோயில்தான். கயிறு கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் டமார்! வட்டத் தட்டு நசுங்கிப் போனது.

நம்ம லேபில் மைக்ரோமீட்டர் கீழே விழுந்தால் என்ன செய்வோம்? நைசாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த பேட்ச் தலையில் கட்டுவோம். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம் அந்தத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கதையில் நம்ம ஊர்ப் பெயர் ஒன்று சத்தமில்லாமல் கிடக்கிறது. ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன். லாம்டனுக்குப் பிறகு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் கருவிகளைச் சீர்செய்தவர். வட்டத்தில் நுணுக்கமாக டிகிரிக் கோடு வெட்டுகிற வேலையையும் செய்து முடித்தார். எவரெஸ்ட் பேரில் சிகரமே இருக்கிறது. கோடு வெட்டின கையின் பேர் எத்தனை மெக்கானிக்கல் ஸ்டூடண்டுக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, போன மாசம் வரை.

பாட்டியின் ரெண்டு சனிப்பெயர்ச்சி

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது பாட்டி கேட்ட ஒரே கேள்வி: "அப்ப சனிப்பெயர்ச்சி எதுடா கரெக்ட்டு?"

நியாயமான டவுட். திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் 2026 மார்ச் என்றது. கிட்டத்தட்ட ஒரு வருஷ இடைவெளி! பாட்டி எதுக்கு வம்பு என்று ரெண்டுக்கும் விளக்கேற்றுகிற கட்சி.

இந்தச் சண்டையும் நுங்கம்பாக்கம் வழியாகத்தான் போகிறது. வாக்கியம் என்பது பரம்பரையாக வந்த மனப்பாடக் கணக்கு. லேசுப்பட்டதில்லை. 1825-ல் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர், ஜான் வாரன் என்கிற அதிகாரிக்கு தரையில் சோழிகளை நகர்த்தியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் பேப்பர் இல்லை, டெலஸ்கோப் இல்லை. கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம், அவ்வளவுதான் வித்தியாசம். வாரன் யார் தெரியுமா? சில வருஷம் மெட்ராஸ் அப்சர்வேட்டரியையே கவனித்துக்கொண்டவர்.

பிறகு வந்தார் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். மெட்ராஸ் அப்சர்வேட்டரியில் வேலை. மெரிடியன் சர்க்கிள் என்கிற கருவியில் நட்சத்திரம் நட்சத்திரமாக அளந்தவர். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்கிற, வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று ஜனங்களுக்குப் புரிய இந்திய மொழிகளில் சின்னப் புத்தகம் போட்டார். பரம்பரைக் கணக்கையும் கருவி காட்டுகிறதையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு, ரெண்டும் விலகுவது தெரிந்தது. கண்ணால் பார்ப்பதற்கு ஏற்றபடி கணக்கைத் திருத்த வேண்டும் என்று பஞ்சாங்கமே போட்டார். த்ருக் என்றால் பார்வை. 'திருக்கணிதம்' என்ற பேரே அதுதான்.

யோசித்துப் பாருங்க. அவருக்கும் வீட்டில் ஒரு சீனியர் ரெக்கார்டு இருந்தது, பல நூறு வருஷத்து ரெக்கார்டு. அதில் இருக்கிற ஆன்சரையே எழுதியிருந்தால் ஊரில் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

ரிப்பீட்

இப்போ அப்பா மேட்டர். என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் கையில் மைக்ரோமீட்டர். அவர்கிட்ட போய், 'ரீடிங்கை அடிச்சு மாட்டிக்கிட்டேன்'னு எப்படிச் சொல்றது? நான் சொல்லவில்லை. பாட்டி சொல்லிவிட்டார்.

அப்பா திட்டவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ நாலாவது படிக்கும்போது ஒரு கம்பெனியில இருந்தேன். ஒரு லாட் பின்னு. அளந்தா டாலரன்ஸ் தாண்டிப் போவுது. ராத்திரி லாரி ஏத்தணும். 'ஓ.கே. போட்டு கையெழுத்துப் போடு, அங்க யாரு அளக்கப் போறான்'னாங்க. நான் வந்த ரீடிங்கை அப்படியே எழுதிட்டேன். மூணு மாசத்துல என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்குப் புது டிரெஸ் இல்லை. தெருவில் எல்லாரும் புதுசு போட்டிருக்க, நான் அழுது ஊரைக் கூட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. காரணம் என்னவென்று அன்னிக்குத்தான் தெரிந்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. அப்பாவே எழுந்துபோய் தன் மைக்ரோமீட்டர் டப்பாவை எடுத்து வந்தார். "முதல்ல மூடிப் பாரு. ஜீரோல நிக்குதான்னு பாரு. அப்புறம்தான் ஜாப்ல கை வெக்கணும்."

அடுத்த லேப். முகப்புகளைத் துடைத்து, மூடிப் பார்த்தேன். பூஜ்ஜியத்தில் நிற்கவில்லை. 0.04 காட்டியது. சீனியர் ரெக்கார்டில் இந்த 0.04 எங்கேயுமே இல்லை! அளந்தேன். 24.90. 24.91. 24.89. 24.90. அஞ்சாவது இடத்தில் 24.95.

சத்தியமாகச் சொல்கிறேன், கை 24.90 என்று எழுதத்தான் போனது. மறுபடி வைத்துப் பார்த்தேன். 24.95-தான். எழுதினேன். சராசரி 24.91. ஜீரோ எரர் போக 24.87.

சார் வந்து பார்த்தார். விரல் நேராக அஞ்சாவது ரீடிங்கில் போய் நின்றது. "இது என்ன, தனியா நிக்குது?"

"தெரியல சார். ரெண்டு தடவை வெச்சேன். அப்படித்தான் வருது."

உருளையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "பிசிறு இருக்குப்பா. லேத்துல சீவினப்ப விட்டிருக்கான். நானே கவனிக்கலையே!"

சிவப்பு பேனாவை எடுத்தார். இந்த முறை குறுக்கே கோடு இல்லை. அந்த 24.95-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் டிக் அடித்தார்.

நுங்கம்பாக்கம் கல்லைப் பற்றி எழுதச் சொன்னாரே, அதுவும் முடிந்தது. இதோ, நீங்கள் இப்போது படித்து முடித்ததுதான் அது.

இந்த வாரம் டிரை பண்ணுங்க!

உங்க மொபைலில் உங்க ஊரின் தீர்க்கரேகையைப் பாருங்க. இந்திய நேரம் 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடுவது. அதிலிருந்து உங்க ஊர் நம்பரைக் கழித்து 4-ஆல் பெருக்கினால், உங்க ஊரின் 'சொந்த' நேரம் இந்திய நேரத்துக்கு எத்தனை நிமிஷம் பின்னாடி என்று தெரியும். சென்னைக்கு 9 நிமிஷம். 77 டிகிரியில் இருக்கிற கோயம்புத்தூருக்கு 22 நிமிஷம். இனி ஃபர்ஸ்ட் ஹவர் லேட்டா போனா, 'சார், எங்க ஊர் டைம்படி நான் கரெக்ட்டு'ன்னு சொல்லிப் பாருங்க. ரிசல்ட் என்ன வந்தாலும், அப்படியே எழுதி அனுப்புங்க!